அரைப்பேரும் அரிச்சுவடியும்: கொத்மலைத் தோட்டப்புற ஆரம்பக் கல்வியிற் பெற்றோர் பங்கு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மலையகக் கல்வி பற்றிப் பேசப்படும் கூட்டங்களில் ஒரு கூற்றுத் தவறாது ஒலிப்பதுண்டு. தோட்டப்புறப் பெற்றோருக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை இல்லை என்பதே அது. ஆசிரியரும் அதிகாரியும் அரசியல்வாதியும் ஒருங்கே உடன்படும் கருத்துகள் நம் நாட்டில் மிகச் சில. அச்சிலவற்றுள் இதுவும் ஒன்று. ஆரம்ப வகுப்புகளிற் பிள்ளைகள் எதனைக் கற்கின்றனர், அதற்குப் பெற்றோர் எவ்வாறு துணை நிற்கலாம் என்ற வினா எழும்போதெல்லாம், தோட்டத்தைப் பொறுத்தவரை, இக்கூற்றே விடையாக முன்வைக்கப்பட்டு விவாதம் முடிந்து விடுகின்றது. ஒரு மக்கட் கூட்டத்தின் மனப்பான்மையாகச் சொல்லப்படும் இவ்விடயம் உண்மையில் ஒரு பொருளாதார ஏற்பாட்டின் விளைவு என்பதனைக் கொத்மலைப் பகுதியை மனங்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொத்மலை என்றதும் இன்று நம் நினைவிற்கு வருவது நீர்த்தேக்கமே. ஆயினும் அந்நீருக்கு மேலே, இறம்பொடையிலிருந்தும் பூண்டுலோயாவிலிருந்தும் இறங்கும் சரிவுகளிலே, நூறாண்டுகளுக்கு மேலாகத் தேயிலையும் அதனைச் சார்ந்த லயன் வரிசைகளும் இருந்து வருகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கோப்பித் தோட்டங்களுக்குத் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை ஆகிய இடங்களிலிருந்து கங்காணிமாரின் கீழ் வந்தோர் பெரும்பாலும் பருவகாலத் தொழிலாளர்; கோப்பி ஆய்ந்து முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள். 1869இல் தோன்றிய இலை நோய் கோப்பியை அழிக்க, அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். பறிப்பதற்குப் பெண்களின் கை வேண்டும். எனவே குடும்பங்கள் நிலையாகத் தங்கின. தோட்டத்திலே பிள்ளைகள் பிறந்து வளரலாயினர். தோட்டப் பள்ளிக்கூடம் என்னும் பிரச்சினை இவ்வாறே தேயிலையோடு பிறந்தது எனலாம்.

1854இல் தொடங்கப்பட்ட தமிழ்க் கூலி மிஷன் சமயப் பணியோடு சில தோட்டங்களிற் பள்ளிகளையும் நடத்தியது. அவற்றுக்குப் புறம்பாக, பெரிய கங்காணியோ கணக்கப்பிள்ளையோ தம் பிள்ளைகளுக்கென ஏற்படுத்திய மாலைப் பள்ளிகளும் ஆங்காங்கு இருந்தன. தமிழகத்துத் திண்ணைப் பள்ளியின் மரபு இவற்றில் ஓரளவு தொடர்ந்தது. மணலில் விரல் கொண்டு எழுதுதலும், ஆத்திசூடியை மனனஞ் செய்தலும், எண்சுவடியை உரத்துச் சொல்லுதலுமே அங்குப் பாடம். ஆனால் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. திண்ணைப் பள்ளி ஊராருடையது. ஆசிரியருக்கு நெல்லும் காய்கறியும் கொடுத்தவர்கள் பெற்றோரே. தோட்டப் பள்ளியோ தோட்டத்தின் உடைமை. அதன் கொட்டிலும் ஆசிரியரும் கரும்பலகையும் துரையின் கணக்கிலேயே இருந்தன. பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கும் தகப்பனுக்கு அப்பள்ளியைப் பற்றி ஒரு சொல் சொல்லவும் இடமில்லை. 'பெற்றோர் பங்கு' என்று இன்று நாம் வழங்கும் தொடருக்கு அடிப்படையே அங்கு இருக்கவில்லை.

சட்டம் வந்தது 1907இல். அவ்வாண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்திலுள்ள ஆறு முதற் பத்து வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதனையும், அதற்கொரு பள்ளியறையை ஒதுக்குவதனையும் தோட்டத் துரையின் கடமையாக்கியது. 1920ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் இக்கடமையை மேலும் வலியுறுத்தியது. சட்டத்தின் சொற்களை மட்டும் படிப்போருக்கு இஃது ஒரு முற்போக்கான ஏற்பாடாகவே தோன்றும். ஆனால் ஆறு முதற் பத்து வரை என்ற வயதெல்லையைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். 1920களில் ஏற்பட்ட தொழிற் சட்டங்கள் பத்து வயதிற்கு உட்பட்டோரைத் தோட்ட வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்தன. பள்ளிக்கூடத்தின் கதவு சாத்தப்படும் அதே வயதில் வேலைக்காட்டின் கதவு திறக்கின்றது. பிள்ளை எதனைக் கற்க வேண்டும் என்ற கேள்விக்கு, பத்து வயதில் மலைக்குச் செல்லும் ஒருவருக்குப் போதுமான எழுத்தும் எண்ணும் என்பதே அன்றைய விடை.

இனி, கூலியைப் பார்ப்போம். இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1927இல் நிறைவேறியது. அதன்படி 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்கூலி, உயர் மலைப் பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பிள்ளைக்கு எனச் சட்டமே ஒரு கூலியை எழுதி வைத்தது என்பது முதலிற் கருதத்தக்கது. அடுத்து, அத்தொகைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தாயும் தந்தையும் சேர்ந்து ஒரு நாளைக்கு உழைப்பது 97 சதம். ஒரு பிள்ளை வேலைக்குப் போனால் அதில் மூன்றிலொரு பங்கு மேலதிகமாகக் கிடைக்கும். இரண்டு பிள்ளைகள் போயின், அவர்கள் உழைப்புத் தாயின் உழைப்பை விஞ்சும். கடன் இல்லாத தொழிலாளர் குடும்பம் அரிதாக இருந்த அக்காலத்தில், பத்து வயது கடந்த பிள்ளையைப் பள்ளியில் வைத்திருப்பதென்பது குடும்ப வருவாயில் நான்கிலொரு பங்கைத் துறப்பதாகும். வசதி படைத்த நகரத்துக் குடும்பங்களுள் எத்தனை, தம் வருவாயில் நான்கிலொன்றை ஆரம்ப வகுப்புக்கு அப்பாற்பட்ட கல்விக்காக மனமுவந்து இழக்க முன்வரும் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

தோட்டத்திலே ஒரு நாள் வேலைக்குரிய பதிவு 'பேர்' எனப்படும். பாதி நாளுக்குரியது 'அரைப்பேர்'. பெயர் செக்ரோலில் ஏறாத நாள் உழைப்பில்லாத நாள். இவ்விரு சொற்களும் தோட்டப் பெற்றோரின் கல்வி வரலாற்றைச் சட்டங்களை விடத் தெளிவாகச் சொல்லுகின்றன. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அரைப்பேர் போகும். ஆசிரியர் அழைத்தால் அரைப்பேர் போகும். பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் என்றால், அது காலை பத்து மணிக்கு வைக்கப்படுமாயின், முழுப்பேரே போகலாம். பெற்றோர் கூட்டத்திற்கு வருவதில்லை எனக் குறைகூறும் நாம், அக்கூட்டம் எந்நேரத்தில் நடைபெறுகின்றது என்பதனை ஏனோ வினவுவதில்லை.

இவ்வமைப்பிற்குள்ளும் பெற்றோர் வாளாவிருந்தனர் என்று கொள்வதற்கில்லை. 1930களிலே தொழிற்சங்க இயக்கம் தோட்டங்களிற் பரவியபோது எழுத்தறிவும் அதனுடன் கூடவே சென்றது. அட்டன் தொகுதியின் அரசாங்க சபை உறுப்பினராயிருந்த கோ. நடேசய்யர் துண்டுப் பிரசுரங்களையும் நூல்களையும் தொழிலாளரிடையே பரப்பினார். அவர் துணைவியார் மீனாட்சியம்மையார் கூட்டங்களிற் பாடிய பாட்டுகள் அச்சிலும் வெளிவந்தன. எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க லயத்து வாசலிற் பத்துப் பேர் கேட்பது என்ற வழக்கம் இவற்றால் வலுப்பெற்றது. கொத்மலைக்கு அயலிலுள்ள புசல்லாவையில் கே. இராஜலிங்கம் சரஸ்வதி வித்தியாலயத்தை நிறுவியமை இக்காலத்து விழிப்பின் மற்றொரு வெளிப்பாடு. மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை கவிஞராகவும் 1947இல் தலவாக்கலைப் பாராளுமன்ற உறுப்பினராகவும் உயர்ந்தமையை எடுத்துக்காட்டாகக் கூறுவோர் உளர். ஆனால் அவர் கங்காணி குடும்பத்தில் வந்தவர். கல்லூரிப் படிப்புக்கு வழியிருந்தவர். அவரை வைத்து லயத்துப் பிள்ளையின் நிலையை அளத்தல் பொருந்தாது.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் இலங்கைக் கல்வி அடைந்த மாற்றம் ஆசியாவிலேயே குறிப்பிடத்தக்கது. சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் தலைமையில் அமைந்த விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளியாயிற்று. 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. மத்திய கல்லூரிகள் கிராமத்து ஏழைப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் வரை பாதை அமைத்தன. தோட்டப் பள்ளிகளோ ஐந்தாம் வகுப்போடு நின்றன. அவற்றுக்கு மேலே ஏறுவதற்குப் படி இருக்கவில்லை. 1960-61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு கையேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் விடுபட்டன. ஓராசிரியர் ஐந்து வகுப்புகளையும் ஒரே மண்டபத்தில் நடத்துவதும், அவரே துரையின் வேறு பணிகளுக்கு அழைக்கப்படுவதும் எழுபதுகள் வரை நீடித்தன.

1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியமை யாவரும் அறிந்ததே. அதன் அரசியல் விளைவுகள் பற்றி நிரம்ப எழுதப்பட்டுள்ளது. கல்விக்கு அது செய்த தீங்கு அவ்வளவாகப் பேசப்படவில்லை. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிலெடுத்து, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கி, எஞ்சிய 150,000 பேரின் நிலையைப் பின்னர் தீர்ப்பதெனத் தள்ளிவைத்தது. 1974இல் அவ்வெச்சமும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. பல்லாண்டு காலம் ஒவ்வொரு லயத்திலும் ஒரு குடும்பமாவது பயண ஆவணத்திற்குக் காத்திருந்தது. அக்குடும்பத்தின் பிள்ளை எந்நாட்டின் பாடப்புத்தகத்தைப் படிக்க வேண்டும்? மூன்றாம் வகுப்பின் நடுவிற் கப்பலேறப் போகும் பிள்ளைக்குப் பெற்றோர் எவ்வகையிலே துணை செய்வது? எதிர்காலத்தைப் பற்றிய குறைந்தபட்ச உறுதி இருந்தாலன்றிக் கல்வி என்னும் நீண்டகால முதலீட்டை யாரும் செய்யார். அவ்வுறுதியைப் பறித்த அரசுகள் இரண்டு. அக்கறையின்மைப் பட்டம் வந்து சேர்ந்ததோ கொழுந்து பறித்தவருக்கு.

எழுபதுகளின் கொத்மலை தனியே ஆராயப்பட வேண்டியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1973-74இன் பஞ்சம் தோட்டங்களையே கொடிதாகத் தாக்கியது. தோட்டக் காணிகள் பிரித்துக் கொடுக்கப்படுவதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில், 1977 மே மாதம் டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டிற்குப் பலியானார். அவ்வாண்டு ஆகஸ்டின் வன்செயல்களும் தோட்டக் குடியிருப்புகளை விட்டுவைக்கவில்லை. இவை அடங்குமுன்னரே 1979இற் கொத்மலை அணைக்கட்டு வேலை தொடங்கி 1985இல் நிறைவெய்தியது. நீரில் மூழ்கிய கிராமங்களின் மக்களுக்கு மேட்டிலிருந்த தேயிலைக் காணிகளின் ஒரு பகுதி பகிர்ந்தளிக்கப்பட்டது. காணி இழந்த சிங்கள விவசாயியும் தொழில் இழந்த தமிழ்த் தொழிலாளியும் ஒரே திட்டத்தின் இரு முனைகளில் நின்றனர். ஒரு தோட்டப் பிரிவு கலைக்கப்படுமாயின் பள்ளிக்கூடத்தின் இடாப்பும் அதனோடு கலைந்து போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இவ்விடத்தில் ஒரு முரண் சுவையானது. அவ்வணையைக் கட்டத் துணைநின்றது ஸ்வீடன் நாட்டு உதவி. எண்பதுகளின் பிற்பகுதியிலே தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டிடங்களும் ஆசிரியர் பயிற்சியும் கிடைத்ததும் பெருமளவு அதே நாட்டின் உதவியினாலேயே. அதற்குமுன் 1977 முதற் கட்டங்கட்டமாகத் தோட்டப் பாடசாலைகளை அரசு கையேற்றிருந்தது. ஏறத்தாழ எண்ணூறு பாடசாலைகள் தேசிய அமைப்பினுள் வந்தன. 1980 முதல் இலவசப் பாடநூல்கள் இப்பிள்ளைகளுக்கும் கிடைத்தன. ஜெர்மன் உதவியுடன் பத்தனையில் அமைந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி, மலையகத்திலேயே பிறந்து வளர்ந்தோரை ஆசிரியராக்கும் பணியை மேற்கொண்டது. பிள்ளையின் வீட்டுத் தமிழை அறிந்த ஆசிரியர் வகுப்பறைக்கு வந்தமையே, என் கருத்தில், இம்மாற்றங்களுள் தலையாயது. முன்னர் வந்த ஆசிரியரிற் பலர் அர்ப்பணிப்புள்ளவர்களே; ஆனால் அவர்களது தமிழும் பிள்ளையின் தமிழும் ஒன்றல்ல. எங்கள் வாசிப்பு நூலில் முதலிற் கண்ட மரம் பனை. அதனை நான் நேரிற் கண்டது பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்பு, ஒரு விடுமுறையில்.

கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகள் 1998 ஜனவரி முதல் ஐந்து தொடக்கம் பதினான்கு வயது வரையான அனைவருக்கும் நடைமுறைக்கு வந்தன. 2016இல் அவ்வெல்லை பதினாறாக உயர்ந்தது. ஆறு முதற் பத்து வரை என 1907இல் வரையப்பட்ட கோடு அழிய ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு சென்றது. அதே காலப்பகுதியில், 1999இல், ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் நாடு முழுவதும் தரம் ஒன்றிலிருந்து அறிமுகமாயிற்று. தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்பன அதன் பிரதான பாடங்கள். முதலிரு தரங்களில் வழிகாட்டப்பட்ட விளையாட்டும் செயற்பாடுமே மிகுதி. எழுத்துவேலை படிப்படியாகவே கூடும். பிள்ளை தான் வாழும் சூழலை உற்றுநோக்கவும், பொருள்களை வகைப்படுத்தவும், எண்ணவும், கண்டதனைச் சொல்லவும் பழகிய பின்னரே எழுத்து உறுதிப்படும் என்பது இதன் தத்துவம்.

இச்சீர்திருத்தம் தோட்டப் பெற்றோரின் நிலையை எவ்வாறு மாற்றியிருக்க வேண்டும் என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. எழுத்தைச் சொல்லிக் கொடுப்பதே பெற்றோரின் உதவி எனில், எழுத்தறியாத தாய்க்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் கேட்டல், பேசுதல், எண்ணுதல், உற்றுநோக்கல் ஆகியனவே அடிப்படை எனில், அத்தாய் வெறுங்கையளல்லள். கொழுந்தில் எது பறிக்கத் தக்கது, எது முற்றியது, எது வங்கி என ஒரு கணத்திற் பிரித்தறிவது வகைப்படுத்தலன்றி வேறென்ன? ஒரு நாளில் முறை முறையாக நிறுக்கும் கொழுந்தைக் கூட்டி, கூடைக்கும் ஈரத்திற்குமெனக் கழிப்பதை நீக்கி, தன் நிறையை மனத்திற் கொள்வது கணிதமே. காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கதையும் அருச்சுனன் தபசும் இரவிரவாக நடைபெறும் போது, தாயின் மடியிற் கிடந்து கேட்கும் பிள்ளை பெறும் சொல்வளம் எந்தத் தரம் ஒன்று நூலிலும் இல்லை. தாலாட்டையும் ஒப்பாரியையும் விடுகதையையும் கொண்ட ஒரு சமுதாயத்தை மொழி வறியது என்று சொல்லுதல் அறியாமை.

எனினும் இதனை மிகைப்படுத்துதலும் தவறு. கூத்தும் பாட்டும் இருந்தமையால் குறையொன்றுமில்லை என்ற முடிவுக்கு வருவோர், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஏழு பேர் படுத்தெழும் வீட்டிற் குப்பி விளக்கின் அருகே எழுதிப் பார்த்தவரல்லர். விடியுமுன் எழுந்து, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுப் பெரட்டுக்கு ஓடும் தாய், மாலையில் மடுவத்தில் நிறுத்துவிட்டுத் திரும்பும்போது அவளிடம் எஞ்சியிருப்பது மிகச் சிறிது. அறிவு இருந்தது, அதனைப் பிள்ளைக்குக் கொடுக்கும் நேரம் இருக்கவில்லை. நேரம் தோட்டத்திற்கு விற்கப்பட்டிருந்தது. ஆகவே பெற்றோர் செய்யத்தக்க உதவிகளைப் பட்டியலிட்டுத் துண்டுப் பிரசுரமாக லயந்தோறும் விநியோகிப்பதால் மட்டும் அதிகம் விளையாது. கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுவதும், பாடசாலைக்கு வரும் தாயின் அரைப்பேரைக் காப்பதும், பிள்ளைக்காம்பராவுக்குப் பயிற்சி பெற்றவரை அமர்த்துவதும் அதைவிடப் பயன் தரும். இவற்றுட் கடைசியானது, சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்ற புதுப் பெயருடன், பல தோட்டங்களில் ஓரளவு நிறைவேறியும் உள்ளது.

ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை பற்றியும் ஒரு வார்த்தை. அண்மைக் கால்நூற்றாண்டில் தோட்டப் பெற்றோர், கடன் வாங்கியும் பிள்ளைகளை அப்பரீட்சைக்கான தனியார் வகுப்புகளுக்கு அனுப்புவதைக் காண்கின்றோம். அக்கறையின்மை என்ற குற்றச்சாட்டிற்கு இதைவிட வெளிப்படையான மறுப்பு வேண்டுவதில்லை. ஆயினும் வினாத்தாள் மனனத்திற் பிள்ளையின் பத்து வயதைச் செலவிடும் இப்போக்கு, பத்து வயதில் வேலைக்காட்டிற்கு அனுப்பிய பழைய கோட்டை வேறொரு வடிவில் நினைவூட்டுவதாகவே எனக்குப் படுகின்றது. இதில் என்னோடு உடன்படாத நண்பர்கள் பலர். அவர்களுட் சிலர் அப்பரீட்சையினாலேயே இப்பல்கலைக்கழகம் வரை வந்தவர்கள்.

இறுதியாக, ஆவணங்களிற் காணப்படாத ஒரு சான்று. கொத்மலைச் சரிவிலுள்ள ஒரு தோட்டத்திலே என் பாட்டியார் நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். கையொப்பத்திற்குப் பதிலாகப் பெருவிரல் அடையாளமே இட்டவர். நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, மாலையில் அவர் மடியிலிருந்து நிறைச் சீட்டை எடுத்து என்னிடம் நீட்டுவார். நான் இராத்தல் கணக்கை ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக் கேட்டுக் கொண்டிருப்பார். தாம் மனத்தில் வைத்திருந்த கணக்கோடு அது பொருந்தினால், அடுப்படிச் சுவரிலே கரித்துண்டால் ஒரு கோடு இழுப்பார். ஐந்தாவது கோட்டைக் குறுக்கே போடுவார். பொருந்தாவிட்டால், "திருப்பி வாசி அய்யா" என்பார். பிழை என் வாசிப்பிலா சீட்டிலா என்பதை அறிய நான் மீண்டும் மீண்டும் எழுத்துக் கூட்ட வேண்டியிருந்தது. சம்பள நாளிற் சுவரில் உள்ள கோடுகளையும் செக்ரோலின் பேர்களையும் ஒப்பிடும் பொறுப்பு எனக்கு. ஒரு மாதம் ஒன்றரைப் பேர் குறைந்திருந்தது. மறுநாட் காலை, பள்ளிக்குப் போகும் வழியில், என்னையும் கூட்டிக்கொண்டு அவர் கணக்கப்பிள்ளையின் மேசைக்கு முன்னே போய் நின்றார்.